விக்கிப்பீடியாவில் போட்டிருக்கே என்று மருந்து கேட்பவர்களுக்கு

மார்த்தாண்டத்தில் மருந்துக் கடை நடத்துகிறேன். 2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது டாக்டர் சீட்டு இல்லாமல் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கேட்டு வந்தவர்கள் நிறைய. "சாரே, விக்கிப்பீடியாவிலயே போட்டிருக்கு" என்று போனை நீட்டுவார்கள்.

போட்டிருந்தது பொய்யில்லை. கொரோனா நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வின் முடிவு 2020 ஜூனில் வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு, ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் எதுவும் இல்லை. அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு, லேசான காய்ச்சலோடு வீட்டில் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு இந்த ஸ்டீராய்டைக் கொடுத்தால் சர்க்கரை எகிறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். அந்த வருடம் கருப்புப் பூஞ்சை அத்தனை பேரைப் பிடித்ததற்கு இவை இரண்டும் முக்கியக் காரணங்கள். அரைப் பக்கம் வாசித்தது போதும் என்று நினைப்பதுதான் ஆபத்து.

அதற்காக விக்கிப்பீடியாவை ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் மருத்துவக் கட்டுரைகளுக்குக் கறாரான விதி உண்டு: பத்திரிகைச் செய்தியோ ஒற்றை ஆய்வோ போதாது, பல ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரையோ மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதலோ வேண்டும். கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழில் 2020 மே மாதம் வந்த பெரிய ஆய்வு ஜூன் தொடக்கத்திலேயே திரும்பப் பெறப்பட்டதை நினைத்தால் இந்த நிதானத்தின் அருமை புரியும். உலக சுகாதார நிறுவனமே 2020 அக்டோபரில் தன் விளக்கப்படங்களையும் காணொளிகளையும் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவுக்குத் திறந்துவிட்டது.

ஆனால் இந்தக் காவல் எல்லா மொழிக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தின் மொழிபெயர்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையாளமும் வாசிக்கிறவர்கள் உண்டே, ஒரே நோயைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் திறந்து பாருங்கள், மூன்றும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு சமயத்தில் எழுதியவை. தமிழில் எழுதும் தன்னார்வலர்கள் குறைவு, அதனால் ஒரு பக்கம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். கொரோனா காற்றில் பரவாது என்று 2020 மார்ச்சில் அடித்துச் சொன்ன உலக சுகாதார நிறுவனம் பிறகு அதை மாற்றிக்கொண்டது, பழைய பக்கத்துக்கு அது எப்படித் தெரியும்?

மேலே 'வரலாற்றைக் காட்டவும்' என்று இருப்பதைத் தட்டுங்கள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று வரும். கடைசித் தேதியை மட்டும் நம்பவேண்டாம், அது வெறும் எழுத்துப்பிழை திருத்தமாகவும் இருக்கலாம். அப்புறம் வரி முடிவில் இருக்கும் எண்ணைத் தொட்டு, ஆதாரம் எந்த வருடத்தது என்று பாருங்கள்.

மருந்தின் அளவை மட்டும் தயவுசெய்து அங்கிருந்து எடுக்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டுதலே பொதுவாக அளவு எழுதவேண்டாம் என்கிறது, எனவே "விக்கியில் எடுத்தது" என்று மில்லிகிராம் கணக்கோடு வாட்சப்பில் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

மருத்துவம், நர்சிங், பார்மசி படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் 2018-லிருந்து நிபா வைரஸ் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. நிபா பற்றிய தமிழ்ப் பக்கத்தை வாசித்து, பழசாக இருந்தால் சரியான ஆதாரத்தோடு திருத்துங்கள், 'தொகு' பொத்தான் உங்களுக்கும்தான்.