மீதியை வைத்துக்கொள்ளுங்கள்: பிட்காயின் கட்டணம் எப்படிக் கணிக்கப்படுகிறது?

2023 செப்டம்பர் 10 அன்று பிட்காயின் வலையமைப்பில் ஒருவர் 0.074 பிட்காயின் அனுப்பினார். அன்றைய விலையில் அது இரண்டாயிரம் டாலருக்கும் கொஞ்சம் குறைவு. அதை அனுப்ப அவர் கொடுத்த கட்டணம் 19.8 பிட்காயின், அதாவது ஐந்து லட்சம் டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பார்களே, அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட கணக்கு இது. அனுப்பியது தாங்கள்தான், மென்பொருளில் ஏற்பட்ட பிழை என்று பாக்சோஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. அந்தக் கட்டணம் போய்ச் சேர்ந்த எஃப்2பூல் என்ற மைனிங் குழு (பரிவர்த்தனைகளைப் பதிவேட்டில் ஏற்றுபவர்களின் கூட்டணி) பணத்தைத் திருப்பித் தந்தது. தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இவ்வளவு பெரிய தவறு எப்படி நடக்கும்? பிட்காயின் பரிவர்த்தனைக்குள் 'கட்டணம்' என்று ஒரு வரியே கிடையாது என்பதுதான் காரணம்.

பிட்காயினில் வங்கிக் கணக்கு போல ஓர் இருப்புத் தொகை இல்லை. நமக்கு வந்த ஒவ்வொரு தொகையும் தனித்தனித் துண்டாகக் கிடக்கிறது, சட்டைப்பையில் கிடக்கும் ரூபாய்த் தாள்கள் மாதிரி. ஒரு துண்டைச் செலவழித்தால் முழுதாகத்தான் செலவழிக்க முடியும். உங்களிடம் 3,00,000 சதோஷி ஒரே துண்டாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (ஒரு பிட்காயின் என்பது பத்துக் கோடி சதோஷி). நண்பருக்கு 1,00,000 அனுப்ப வேண்டும். வாலட் (பிட்காயினை அனுப்பவும் பெறவும் உதவும் செயலி) எழுதும் பரிவர்த்தனை இப்படி இருக்கும்: உள்ளே போவது 3,00,000; வெளியே வருவது நண்பருக்கு 1,00,000, உங்களுடைய இன்னொரு முகவரிக்கு 1,98,590. கூட்டிப் பாருங்கள், 1,410 இடிக்கும். அந்த மீதிதான் கட்டணம். பரிவர்த்தனைகள் கட்டுக்கட்டாகத்தான் பதிவேட்டில் ஏறும்; ஒரு கட்டுக்குப் பெயர் பிளாக், அதை ஏற்றுபவர் மைனர். பிளாக்கைக் கண்டுபிடிக்கும் மைனர் அந்த மீதியை எடுத்துக்கொள்வார். சில்லறை வாங்க மறந்துவிட்டு நடையைக் கட்டினால் என்ன ஆகும்? முழு மீதியும் அவருக்குத்தான். 19.8 பிட்காயின் போன வழியும் இதே வகைதான்.

ஆகவே நடந்து முடிந்த ஒரு பரிவர்த்தனையின் கட்டணத்தை அளப்பது வெறும் கழித்தல். ஆனால் அந்த 1,410 அதிகமா குறைவா என்று சொல்ல வேண்டுமானால் இன்னொரு எண் வேண்டும்: அந்தப் பரிவர்த்தனை எவ்வளவு இடத்தை அடைத்தது?

லாரி பார்சல் ஆபீசில் மூட்டைக்குள் பட்டா பருத்தியா என்று பார்த்தா காசு வாங்குகிறார்கள்? எடை போட்டுத்தான் வாங்குகிறார்கள். இங்கேயும் அப்படித்தான். ஒரு பிளாக்கில் இருக்கும் இடம் சுமார் 10 லட்சம் மெய்நிகர் பைட். 'மெய்நிகர்' என்ற அடைமொழி 2017 ஆகஸ்டில் வந்த செக்விட் மாற்றத்தின் வாரிசு: பரிவர்த்தனையின் மற்ற பகுதிகளை முழு விலைக்கும், கையெழுத்துப் பகுதியைக் கால் விலைக்கும் எடை போடும் ஏற்பாடு அது. இனி சுருக்கமாக பைட் என்றே சொல்கிறேன். செக்விட் முகவரிகளில், உள்ளே போகும் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 68 பைட், வெளியே வரும் ஒன்றுக்கு 31, பொதுச் செலவு பத்துச் சொச்சம். மேலே சொன்ன பரிவர்த்தனைக்குச் சுமார் 141 பைட். 1,410-ஐ 141-ஆல் வகுத்தால் பைட்டுக்கு 10 சதோஷி. மைனர் பார்ப்பது இந்த வீதத்தைத்தான். நீங்கள் அனுப்புவது ஒரு லட்சம் சதோஷியா, ஆயிரம் பிட்காயினா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அதே மூன்று லட்சம் சதோஷி பத்துச் சிறு துண்டுகளாக இருந்திருந்தால்? பத்தையும் உள்ளே போட்டால் பரிவர்த்தனை 750 பைட்டுக்கு வீங்கிவிடும். அதே வீதத்தில் கட்டணம் 7,500. உண்டியலை உடைத்துச் சில்லறையாக எண்ணிக் கொடுப்பவர், எண்ணும் கூலியையும் சேர்த்துக் கொடுக்கிறார். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 600 சதோஷி மட்டுமே உள்ள ஒரு துண்டைச் செலவழிக்க 68 பைட் வேண்டும். பைட்டுக்கு 10 சதோஷி என்றால் 680. துண்டின் மதிப்பைவிட அதை வெளியே எடுக்கும் செலவு அதிகம். கட்டணம் இறங்கும்வரை அது செல்லாக்காசு.

சரி, அளப்பது இவ்வளவுதான். வாலட்டைத் திறந்து 'அனுப்பு' பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, இப்போது எவ்வளவு போடலாம் என்று யோசிப்பது வேறு வேலை. அது கணிப்பு.

அனுப்பிய பரிவர்த்தனை நேராகப் பிளாக்குக்குள் போவதில்லை. வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினியிலும் மெம்பூல் என்றொரு காத்திருப்பு அறை உண்டு. பரிவர்த்தனை அங்கேதான் போய் உட்காரும். உலகத்துக்கே பொதுவான ஒரே மெம்பூல் என்று எதுவும் இல்லை. உங்கள் கணினியில் இருப்பதும் என் கணினியில் இருப்பதும் கொஞ்சம் மாறுபடும். மைனர் தன் அறையில் இருப்பவற்றை வீதப்படி இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருந்து 10 லட்சம் பைட் நிரம்பும்வரை அள்ளிக்கொள்வார். மிச்சமெல்லாம் அடுத்த பிளாக்குக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மொத்தத்தில் இது ஓர் ஏலம்.

அப்படியானால் கணிப்பது எளிது என்று தோன்றும். மெம்பூலை எடுத்து அடுக்கி, பத்து லட்சமாவது பைட் எந்த வீதத்தில் விழுகிறது என்று பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் போதாதா? பல கட்டணத் தளங்கள் இந்த வழியில்தான் எண்ணைக் காட்டுகின்றன. பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் இதில் ஓட்டை ஒன்று உண்டு: நீங்கள் பார்ப்பது இப்போது வரிசையில் நிற்பவர்களை மட்டும். அடுத்த பிளாக் வருவதற்குள் எத்தனை பேர் ஓடிவந்து உங்களுக்கு முன்னால் நிற்பார்கள்?

அது பிளாக் எப்போது வரும் என்பதைப் பொறுத்தது. சராசரி 10 நிமிடம். ஆனால் இந்தச் சராசரியை நம்பி யாரும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. மைனிங் என்பது திரும்பத் திரும்பத் தாயம் உருட்டுவது மாதிரி. இதற்குமுன் எத்தனை முறை விழவில்லை என்பது அடுத்த உருட்டலுக்குத் தெரியாது. கடைசிப் பிளாக் வந்து 20 நிமிடம் ஆகிவிட்டதே, இனி எந்த நொடியும் வந்துவிடும் என்று நினைப்போம். கிடையாது. அப்போதும் சராசரியாக இன்னும் 10 நிமிடம்தான். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே அரைமணிக்கு மேல் இடைவெளி விழ 5 சதவீத வாய்ப்பு உண்டு. நாளுக்குச் சுமார் 144 பிளாக் என்பதால், அப்படிப்பட்ட நீண்ட இடைவெளி தினமும் ஏழு முறை நடக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போவதுகூட மூன்று நாளுக்கு ஒருமுறை நடக்கிற விஷயம்தான். அந்த ஒரு மணி நேரமும் புதிதாக வருபவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். உங்கள் 10 சதோஷி, அனுப்பும்போது முன்வரிசையில் இருந்தது, பிளாக் வரும்போது பின்வரிசைக்குப் போயிருக்கும்.

பிட்காயின் கோர் என்ற மூல மென்பொருள் அதனால் வேறு வழியில் போகிறது. இப்போது யார் நிற்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. இதற்குமுன் நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று குறிப்பெழுதி வைக்கிறது. மிகக் குறைந்த வீதத்தில் தொடங்கி, அடுத்தடுத்து 5 சதவீதம் கூடிக்கொண்டே போகும் வாளிகளை வரிசையாக வைத்துக்கொள்கிறது. பரிவர்த்தனை ஒன்று மெம்பூலுக்குள் வந்ததும், அதன் வீதத்துக்கு ஏற்ற வாளியில் போட்டு, அப்போதைய பிளாக் எண்ணையும் குறித்துக்கொள்கிறது. அது எத்தனை பிளாக் கழித்து ஏறியது, அல்லது ஏறாமலே கழன்றுபோனதா என்பதும் பதிவாகும். ஆறு பிளாக்குக்குள் ஏற என்ன போடலாம் என்று கேட்டால், அந்த வீதத்தில் வந்தவற்றில் 85 சதவீதம் ஆறு பிளாக்குக்குள் ஏறியிருக்கிற மலிவான வாளியைத் தேடும். அதோடு விடாது: பாதி அவகாசத்தில் 60 சதவீதம், இரட்டை அவகாசத்தில் 95 சதவீதம் என்ற இரண்டு சோதனைகளையும் வைத்துப் பார்த்து, மூன்றில் பெரிய விடையைத் தரும். பழைய குறிப்புகளின் கனம் மெல்லத் தேயும். ஒரு கணக்கில் 18 பிளாக்குக்கு ஒருமுறை பாதியாகும், இன்னொன்றில் 144-க்கு, மூன்றாவதில் 1,008-க்கு. மூன்று மணி நேர நினைவு, ஒரு நாள் நினைவு, ஒரு வார நினைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. பிளாக்கில் இருப்பதால் மட்டும் ஒரு பரிவர்த்தனையை இந்த மென்பொருள் கணக்கில் சேர்க்காது. முன்னதாகத் தன் மெம்பூலில் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஏன்? மைனர் ஒருவர் தானே தனக்கு அனுப்பும் பத்துப் பரிவர்த்தனைகளை, பைட்டுக்கு 500 சதோஷி போட்டு, யாருக்கும் காட்டாமல் தன் பிளாக்கிலேயே சொருகலாம். கட்டணம் அவரிடமே திரும்பி வரும். வலது பையில் எடுத்து இடது பையில் போடுகிற செலவுதான். பிளாக்கை மட்டும் பார்த்துக் கணிக்கிற மென்பொருள், 'ஐயோ, விலை ஏறிவிட்டது' என்று மற்ற எல்லாரையும் அதிகமாகக் கட்ட வைக்கும். முன்கூட்டியே வெளியே காட்ட வேண்டும் என்றால் அந்தக் கட்டணத்தை வேறு மைனர் தட்டிக்கொண்டு போகலாம். ஏமாற்றுவதற்கு ஒரு விலை வந்துவிடுகிறது.

கடந்ததை வைத்துக் கணிப்பதன் குறையும் வெளிப்படையானது. கூட்டம் கலைந்த பிறகும் கூட்ட நேரத்து விலையையே சொல்லிக்கொண்டிருக்கும். 2024 ஏப்ரல் 20 அன்று, 8,40,000-ஆவது பிளாக்கில், பிளாக் ஒன்றுக்கு மைனருக்குக் கிடைக்கும் வெகுமதி 6.25-லிருந்து 3.125 பிட்காயினாகப் பாதியானது. அதே பிளாக்கில் ரூன்ஸ் என்ற டோக்கன் முறையும் தொடங்கியதால், முதல் ஆளாக இடம்பிடிக்கப் பெரும் அடிதடி. அந்த ஒரு பிளாக்கின் கட்டணம் மட்டும் 37 பிட்காயினுக்கு மேல். எந்த வாளிக் கணக்கும் இதை முன்னரே சொல்லியிருக்க முடியாது. இன்னொரு பக்கம், அடிதடி அடங்கியதும் அதைச் சட்டென்று மறக்கவும் முடியாது. எச்சரிக்கை, சிக்கனம் என்று இரண்டு முறைகள் பிட்காயின் கோரில் உண்டு. விலை இறங்கினாலும் எளிதில் நம்பாதது முதலாவது. 2024 அக்டோபரில் வந்த 28-ஆம் பதிப்பில், சும்மா கேட்டால் கிடைக்கும் விடையைச் சிக்கன முறைக்கு மாற்றினார்கள். கொஞ்சம் தாமதமாகவே செய்தார்கள் என்பது என் எண்ணம்.

எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ வலையமைப்பு இந்தத் தலைவலியை வேறு விதமாகக் கையாள்கிறது. 2021 ஆகஸ்ட் 5 முதல் அங்கே அடிப்படைக் கட்டணத்தை நெறிமுறையே (வலையமைப்பின் மென்பொருள் விதிகளே) அறிவிக்கிறது. சென்ற பிளாக் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் அடுத்ததில் ஏறும், குறைவாக இருந்தால் இறங்கும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 12.5 சதவீதம். அடுத்த பிளாக்கின் அடிப்படைக் கட்டணத்தைத் துல்லியமாகவே சொல்லிவிடலாம், ஊகமே வேண்டாம். அதற்கடுத்தவற்றுக்கு அந்த உறுதி இல்லை: தொடர்ந்து ஆறு பிளாக் நிரம்பினால் விலை இரட்டிப்பாகும், பிளாக்குக்கு 12 நொடி என்பதால் அதற்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அந்த அடிப்படைக் கட்டணம் யார் பைக்கும் போவதில்லை, எரிக்கப்படுகிறது. வலது பை, இடது பை விளையாட்டுக்கு அங்கே போட்ட பூட்டு அது.

'இன்றைய சராசரிக் கட்டணம்' என்று செய்திகளில் வரும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்கத்தில் பார்த்த 19.8 பிட்காயின் பரிவர்த்தனை, 2,000 பரிவர்த்தனை உள்ள ஒரு பிளாக்கில் விழுந்தால், பரிவர்த்தனைக்குச் சராசரி 9,90,000 சதோஷி கூடிவிடும். மற்ற 1,999 பேரும் ஒரு சதோஷிகூடக் கூடுதலாகக் கட்டியிருக்க மாட்டார்கள். அதனால் நடுவில் உள்ள மதிப்பை, அதுவும் பைட்டுக்கு எவ்வளவு என்ற வீதத்தில் பார்ப்பதுதான் பயன். அதிலும் முழு உண்மை இருக்காது. சில மைனிங் குழுக்கள் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு சிக்கிய பரிவர்த்தனையை ஏற்றிவிடுகின்றன. அந்தக் காசு பிளாக்கில் தெரியாது. 2 சதோஷியில் ஏறியதாகப் பதிவில் இருக்கும். உண்மையில் கொடுத்தது எவ்வளவோ.

கணிப்பு தவறத்தான் செய்யும் என்பதால், தவறிய பிறகு திருத்த இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அதே துண்டைச் செலவழிக்கும் புதிய பரிவர்த்தனையைக் கூடுதல் கட்டணத்துடன் அனுப்பிப் பழையதை இடம்பெயர்ப்பது. பல வாலட்களில் இதற்குப் பொத்தானே உண்டு. அவசரமில்லை என்றால் குறைவாகப் போட்டுவிட்டு, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்வதுதான் என் பழக்கம்.

மற்றது, பணம் பெறுபவரின் கையில் இருக்கிறது. 141 பைட் பரிவர்த்தனை ஒன்று 2 சதோஷி வீதத்தில் சிக்கிக் கிடக்கிறது, கட்டியது 282. உங்களுக்கு வர வேண்டிய துண்டு அதற்குள் இருக்கிறது. இன்னும் ஏறாத அந்தத் துண்டையே செலவழித்து, 110 பைட்டில் ஒரு பிள்ளைப் பரிவர்த்தனை எழுதுங்கள். தாய் ஏறாமல் பிள்ளை ஏற முடியாது என்பதால் மைனர் இரண்டையும் ஒன்றாக எடை போடுவார். மொத்தம் 251 பைட். வீதம் 10 வேண்டுமென்றால் 2,510 சதோஷி. தாய் கட்டியது போக மிச்சம் 2,228-ஐப் பிள்ளை கட்ட வேண்டும், பைட்டுக்கு ஏறக்குறைய 20.

நண்பருக்கு ஒரு லட்சம் அனுப்பிய பழைய உதாரணத்துக்குத் திரும்புவோம். இரண்டும் செய்யாமல் விட்டுவிட்டால்? மெம்பூலுக்கு வழக்கமான கொள்ளளவு 300 மெகாபைட். நிரம்பி வழிந்தால் மலிவானவற்றைத்தான் முதலில் வெளியே தள்ளும். தள்ளாவிட்டாலும் 14 நாள் கழித்துப் பெரும்பாலான கணினிகள் அந்தப் பரிவர்த்தனையை மறந்துவிடும். பணம் எங்கேயும் போயிருக்காது, பழைய துண்டாகவே உங்களிடம் கிடக்கும். ஆனால் எங்கோ ஒரு கணினி அதை இன்னும் வைத்திருந்து மறுபடி பரப்பலாம். ஆகவே திரும்ப அனுப்பும்போது அதே துண்டையே செலவழியுங்கள். இல்லாவிட்டால் பழையதும் புதியதும் இரண்டுமே ஏறி, நண்பருக்கு இரண்டு லட்சமாகப் போய்விடும்.