தலை விழுந்தால் ‘ஆம்’ என்று சொல்

காவேரிப்பட்டினத்தில் ஒரு வீட்டுத் திண்ணை என்று வைத்துக்கொள்வோம். கணக்கெடுக்க வந்தவர் படிவத்தைப் புரட்டியபடி, “தம்பி, கஞ்சா பழக்கம் உண்டா?” என்று கேட்கிறார். நிலைப்படியில் முறத்தோடு அம்மா. பையன் வேறு என்ன சொல்வான்? “இல்லை சார்.” இப்படி வந்த பதில்களைக் கூட்டி மாவட்டக் கணக்கு என்று வெளியிட்டால், அம்மாவுக்குப் பயப்படுகிறவர்களின் கணக்கும் அதில் சேர்ந்தே இருக்கும்.

1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். அதன் எளிய வடிவம் இது: பையன் ஐந்து ரூபாய் நாணயத்தை மறைவாகச் சுண்டுகிறான். தலை விழுந்தால், கேள்வி எதுவானாலும் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மா முறைத்தால் பழியை நாணயத்தின் மேல் போட்டுவிடலாம்.

200 பேரில் 116 பேர் ‘ஆம்’ என்கிறார்கள் என்று கொள்வோம். ஏறத்தாழ 100 பேருக்குத் தலை விழுந்திருக்கும், அவர்களைக் கழித்துவிடுங்கள். பூ விழுந்த 100 பேரில் 16 பேர் மிஞ்சுகிறார்கள். ஆக, 16 சதவீதம். எந்தப் பையன் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. இந்தத் தந்திரத்தின் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. ஆனால் இது மலிவானதல்ல. நாணயம் கச்சிதமாக 100 முறை தலை காட்டாது. அந்தத் தடுமாற்றத்தால் உண்மை விகிதம் 2 முதல் 30 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 5,000 பேரைக் கேட்டால்தான் 13-க்கும் 19-க்கும் இடையே சுருங்கும்.

வாயை நம்புவானேன், சிறுநீரைச் சோதித்துவிடலாமே என்பார்கள். கசகசா அபின் செடியின் விதைதான்; அதை அரைத்துவிட்ட குருமாவை ஒரு பிடி பிடித்தவருக்கும் அபின் வகைச் சோதனை ‘உண்டு’ என்று காட்டக்கூடும். 1,000 பேரில் 20 பேருக்குத்தான் பழக்கம் என்று வைத்துக்கொள்வோம். சோதனை இரு பக்கமும் 95 சதவீதம் சரி என்போம். 20 பேரில் 19 பேர் சிக்குவார்கள். மீதி 980 பேரில் 49 அப்பாவிகளும் சிக்குவார்கள். மொத்தம் 68, அதாவது 6.8 சதவீதம், உண்மையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! சோதனை எவ்வளவு பிசகும் என்று தெரிந்திருந்தால் திருத்திவிடலாம்: 6.8-இல், அப்பாவிகளில் தவறாகச் சிக்கும் விகிதமான 5-ஐக் கழித்து, வரும் 1.8-ஐ 0.9-ஆல் (95 சதவீதத்தில் அந்த 5 போக மிஞ்சும் 90 சதவீதம்) வகுத்தால் பழைய 2 கிடைத்துவிடும். ஆள் யார் என்பதை மட்டும் இந்தத் திருத்தம் சொல்லாது.

வீட்டிலேயே தங்காதவர்களை என்ன செய்வது? கிருஷ்ணகிரி அணையில் மீன் எண்ணுவது போல எண்ணலாம். 100 மீன்களுக்கு அடையாளம் இட்டு விடுகிறோம். பிறகு வலை வீசினால் 80 மீன்கள். அவற்றில் 8-இல் அடையாளம். பத்தில் ஒன்று என்றால் அணையில் சுமார் 1,000 மீன்கள். மீனுக்குப் பதில் ஆள். வலைகளுக்குப் பதில் போதை மறுவாழ்வு மையத்தின் பட்டியலும் காவல் நிலையப் பட்டியலும். இரண்டிலும் எத்தனை பேர் பொதுவாக இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சிக்கல் இதுதான்: மீன்களை ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்கு யாரும் அனுப்பிவைப்பதில்லை. பிடிபட்டவர்களைக் காவலர்களே மையத்துக்கு அனுப்பினால் பொதுப் பெயர்கள் பெருகும். கணக்கில் வரும் மொத்தம் உண்மையைவிடக் குறைந்துவிடும்.