வளவுக்கு மேலே பேனல் போடுகிறவர்களுக்கு

போன சித்திரையில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். வளவுக்கு (நடு முற்றத்துக்கு) மேலே திறந்து கிடந்த இடத்தை மணிவிழாவுக்காகச் சாண்ட்விச் பேனல் போட்டு மூடியிருந்தார்கள், போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "தம்பி, மத்தியானம் ஆனா மேலே டொக்கு டொக்குன்னு சத்தம் வருது, மழை பேஞ்சா ஒரே இடத்துல சொட்டுது, என்னன்னு பாருங்க" என்றார் ஆச்சி. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், கருநீலத் தகட்டின் நடுவில் ஒரு குதிகால் அளவுக்குப் பள்ளம், பள்ளத்தைச் சுற்றித் தகடு துணிபோலச் சுருங்கியிருக்கிறது. ஓரத்தில் நாலு செங்கல் வைத்து, அதன்மேல் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பர்லினை (பேனலைத் தாங்குகிற குறுக்கு இரும்புச் சட்டத்தை) ஒட்டி வைத்திருந்ததால்தான் அது இன்னும் கீழே வரவில்லை.

காரைக்குடி வட்டாரத்தில் இப்போது கடை, குடோன், மண்டபம், பழைய வீட்டு முற்றம் என்று எல்லா இடத்திலும் இந்தப் பேனல்தான். நானே நிறையப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நல்ல பொருள்தான். ஆனால் அது எப்படித் தாங்குகிறது என்பது தெரியாமலே வாங்குகிறார்கள், அதைவிடக் கவலை, தெரியாமலே விற்கிறார்கள்.

நல்லி எலும்பை நெடுக வெட்டிப் பார்த்திருப்பீர்கள். முனைப் பக்கத்தில் வெளியே மெல்லிய கெட்டி ஓடு, உள்ளே கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக எலும்பு. பேனலும் அதே ஏற்பாடுதான். மேலே அரை மில்லிமீட்டர் தகடு, கீழே அரை மில்லிமீட்டர் தகடு, நடுவில் 50 மில்லிமீட்டர் பஃப் (பாலியூரித்தேன்) நுரை. பேனல் வளையும்போது மேல் தகடு அமுங்கும், கீழ்த் தகடு இழுபடும், நுரை அந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு தகட்டையும் சேர்த்து ஒரே 1 மில்லிமீட்டர் தகடாகப் போட்டால் இருக்கும் விறைப்பைவிட, 50 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால், கணக்குப்படி ஏழாயிரம் மடங்குக்கு மேல் வருகிறது (நுரையே கொஞ்சம் இளகிக் கொடுப்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும்). எடையோ சதுர மீட்டருக்குப் பத்து கிலோதான். ஆனால் ஒட்டு விட்டுப்போனால் இந்த லாபம் அத்தனையும் போச்சு, மிஞ்சுவது தனித்தனியாக ஆடுகிற இரண்டு மெல்லிய தகடு. அதனால் பேனலின் பலம் எங்கே என்று கேட்டால், தகடும் நுரையும் ஒட்டியிருக்கிற இடத்தில் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, அந்தக் குதிகால் பள்ளம் எப்படி வந்தது? கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியுள்ள பஃப் நுரை, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை தாங்கும். 70 கிலோ ஆள் ஒருவர் பத்து சதுர சென்டிமீட்டர் குதிகாலில் மொத்த எடையையும் வைத்தால் அங்கே ஏழு கிலோ. தகடு கொஞ்சம் பரப்பிக் கொடுக்கும், ஆனால் அரை மில்லிமீட்டர் தகட்டால் எவ்வளவு பரப்ப முடியும்? அதே ஆள் ஒரு அடிக்கு ஒரு அடி பலகையில் நின்றால் நூறு கிராம்கூட வராது. அலங்கார விளக்கு கட்ட ஏறிய பையன் பலகை போடாமல் நடந்ததுதான் ஆச்சி வீட்டுப் பள்ளம். பள்ளம் விழுந்த இடத்தில் நுரை தகட்டைப் பிடிப்பதில்லை, பிடிப்பு இல்லாத தகடு அடுத்த பாரத்தில் சுருங்கிவிடும், சுருக்கம் விழுந்த பேனலை நிமிர்த்தி எடுக்க முடியாது.

தொட்டி வேறு கதை. ஆள் நடமாட்டம் இல்லாத கூரைக்கு நம் நாட்டு விதிப்படி எடுக்கிற பாரம் சதுர மீட்டருக்கு 75 கிலோ. அரை சதுர மீட்டரில் 500 கிலோவை வைத்துவிட்டு, இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லக்கூடாது. நுரை உடனே நசுங்காது, மாதக்கணக்கில் பாரம் இருந்தால் மெல்ல மெல்ல அமுங்கும்.

மத்தியானச் சத்தத்துக்குக் காரணம் வெயில். கருநீலத் தகடு 70 டிகிரிக்குப் போய், கீழ்த் தகடு 35 டிகிரியில் இருந்தால், 4 மீட்டர் நீளமுள்ள பேனல் நடுவில் 17 மில்லிமீட்டர் மேல்நோக்கி வளையப் பார்க்கும். ஸ்க்ரூ விடாது, பேனல் முண்டும், அதுதான் டொக்கு டொக்கு. தினமும் இப்படி முண்டினால் ஸ்க்ரூ ஓட்டை அகன்று தண்ணீர் இறங்கும். நம் ஊர் வெயிலுக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம் தவிர வேறு எதையும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

காற்றையும் மறக்க வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் செய்ததைப் பார்த்தவர்கள் நாம். மணிக்கு 108 கிலோமீட்டர் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 55 கிலோ, கூரை ஓரங்களில் மேல்நோக்கி உறிஞ்சுவது இன்னும் கூடும். அதற்கு முன்னால் பத்து கிலோ பேனல் எம்மாத்திரம்? ஸ்க்ரூவும் அகலமான வாஷரும்தான் அதைப் பிடித்து வைக்கின்றன, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

போன மாதம் ஒருவர் அலுமினிய நுரைப் பேனல் பற்றிய காகிதத்தைக் கொண்டுவந்து, "இது இரும்பைவிட பலமாமே அண்ணே" என்றார். உருகிய அலுமினியத்தில் டைட்டானியம் ஹைட்ரைடு கலந்தால் வாயு கிளம்பி உலோகம் நுரைத்துக்கொண்டு பொங்கும், அப்படியே ஆறவைப்பார்கள். நல்ல பொருள், தீப்பிடிக்காது, மோதினால் ஒரே சீராக நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் அடர்த்தி பத்தில் ஒன்றாகக் குறையும்போது விறைப்பு பத்தில் ஒன்றாகக் குறைவதில்லை, கிட்டத்தட்ட நூறில் ஒன்றாகிவிடுகிறது. தகடு ஒட்டி சாண்ட்விச் ஆக்கினால்தான் அதற்கும் மதிப்பு. அந்த விலைக்கு முற்றத்துக் கூரை தேவையே இல்லை.

தீக்குப் பயந்தால் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பேனல் போடுங்கள், எடை கூடும், அதற்கேற்ற பர்லின் வேண்டும். சமையல் கூடத்துக்கு மேல் பஃப், தெர்மோகோல் இரண்டுமே வேண்டாம். பஃப் எரிந்தால் வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடும் இருக்கும். கடை முகப்பில் ஒட்டுகிற ஏசிபி ஷீட்டும் (இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு) சாண்ட்விச்தான், பலவற்றில் நடுவில் இருப்பது பாலித்தீன். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்த தீ, அப்படிப்பட்ட ஷீட் வழியாகத்தான் மாடி மாடியாக ஏறியது.

வாங்கும்போது தகட்டின் கனம், நுரையின் அடர்த்தி, எத்தனை அடிக்கு ஒரு பர்லின் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் போதாது. அப்புறம், வந்து இறங்கிய பேனலை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டு நன்றாக இருந்தால் ஒரே மாதிரி கெட்டிச் சத்தம் வரும், விட்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்கும்.

ஆச்சி வீட்டில் தொட்டியை இறக்கிப் பழைய மாடியில் சுவர் நேராக வருகிற இடத்தில் வைத்தோம், இரண்டு பேனலை மாற்றினோம், மேலே வெள்ளை அடித்தோம். கிளம்பும்போது பார்த்தால், மாங்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஆச்சி வளவில் நின்று ஒவ்வொரு பேனலாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.