ஊசி ஆகாத வீடு

குடியாத்தத்திலிருந்து எட்டு வயதுப் பையனோடு ஒரு அம்மா என்னிடம் மரபணு ஆலோசனைக்கு வந்திருந்தார். மூன்று வயதில் அவனுக்குக் கடுமையான காய்ச்சல். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி போட்டிருக்கிறார்கள். அப்புறம் கூப்பிட்டால் திரும்புவதே இல்லையாம். "சொந்தத்துல கட்டுனதால வந்த வினைன்னு பேசுறாங்க மேடம்" என்றார். கணவர் அத்தை மகன்.

வழக்கம்போல வெள்ளைத்தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று குடும்பப் படம் போட்டேன். கணவர் வீட்டில் யாருக்கும் காதுக் குறை இல்லை. அந்த அம்மாவின் தாய் வழிக்கு வந்ததும் பேனா நிற்கவில்லை. தாய்மாமனுக்கு டிபிக்கு ஊசி போட்டார்கள், காது போனது. பெரியம்மா மகளுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் ஏதோ ஊசி, அவருக்கும் மந்தம். "நம்ம வீட்டுக்கு ஊசி ஆகாது" என்று பாட்டி சொல்வாராம். பாட்டி சொன்னது முக்கால்வாசி சரி.

முனைவர் பட்டத்துக்காக நான் ஐந்து வருடம் மல்லுக்கட்டியது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவோடு. தின்ற சோற்றிலிருந்து செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருளைச் செய்து தருவது அதுதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ், ஹார்வர்டில் ஃபிஸ்க்கோடு சேர்ந்து 1929-இல் கண்டறிந்த அதே ஏடிபி. (அவர் பெயரைச் சொன்னால் என் மாணவர்கள் இன்னும் முழிக்கிறார்கள்.) மைட்டோகாண்ட்ரியாவின் பூர்வீகம் ஒரு பாக்டீரியா. அதற்கென்று 16,569 எழுத்துகள் கொண்ட தனி டிஎன்ஏ உண்டு. அதில் 1555-ஆவது இடத்தில் 'ஏ' இருக்க வேண்டியது 'ஜி'யாக மாறிவிட்டால், அங்கே புரதம் செய்யும் ரைபோசோம் பாக்டீரியாவுடையதைப் போலவே ஆகிவிடுகிறது. கிருமியைக் கொல்லப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் அமிக்காசினும் அதையும் பிடித்துக்கொண்டு ஏடிபி வேலையைக் கெடுக்கின்றன. ஓயாமல் ஏடிபி கேட்கும், ஒலியை உணரும் உட்காதின் முடிச்செல்கள் பட்டினியில் சாகின்றன. செத்த முடிச்செல்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

இந்த டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே பெரியம்மா, சித்தி பிள்ளைகளுக்கு இருக்கும். காது போன அதே தாய்மாமனின் பிள்ளைகளுக்கு அவர் வழியாக வராது. அவர் அக்கா மகளைக் கட்டியிருந்தால் பிள்ளைகளுக்கு வந்திருக்கும், அதுவும் அந்தப் பெண் வழியாக. சொந்தத்தில் கட்டுவதால் வரும் காது கேளாமை வேறு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த வீட்டில் அத்தை மகன் மீது பழி போட ஒன்றுமில்லை. ஊசி படாத வரை சிலருக்குக் காது நன்றாகவே கேட்கும். இந்த அம்மாவுக்குக் கேட்கிறது.

அதற்காக எல்லா ஊசிக்கும் பயப்படாதீர்கள். பென்சிலின் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. உயிருக்கு ஆபத்தென்றால் டாக்டர் முடிவுதான். "அம்மா வழியில் ஊசிக்கு அப்புறம் காது போனவர்கள் உண்டு" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அவர் வேறு மருந்து பார்க்க வழி இருக்கிறது. சந்தேகமிருந்தால் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பரிசோதித்துவிடலாம்.

பையனின் முடிவில் 1555 வந்தது. அந்த அம்மாவின் தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். பச்சைக்குழந்தைக்குக் கிருமித் தொற்று என்றால் ஜென்டாமைசினோ அமிக்காசினோ போடுவது சகஜம். அடுத்த வாரமே காட்பாடியிலிருந்து தங்கையை அழைத்து வந்துவிட்டார். தாய் சேய் அட்டையின் மேல் மருந்துப் பெயர்களைச் சிவப்புப் பேனாவில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். தங்கை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "தமிழ்லயும் எழுதிடுங்க மேடம், எங்க மாமியாரும் படிக்கணும்."