மாறிய கோட்டைப் படித்தீர்களா?

போன வாரம் வந்தவர் உட்காரும் முன்பே போனை நீட்டினார். ஆப்பில் காசு போட்டு, பழைய சீனக் குறி நூலான ஐ சிங் பார்த்திருக்கிறார். வந்தது 11ஆவது ஹெக்ஸாகிராம் (முழுக்கோடும் உடைந்த கோடுமாக ஆறு கோடுகள் அடுக்கிய குறி; நூலில் மொத்தம் 64), பெயர் தாய் (நம் தாய் இல்லை, சீனத்தில் அமைதி, செழிப்பு). அதில் ஒரு கோடு மாறி (உடைந்தது முழுசாகி) 26ஆவது வந்திருக்கிறது: பெரும் சேமிப்பு. இரண்டுமே நல்லதுதானே என்று மனைவியின் நகையை அடகு வைத்து இரண்டாவது கடை திறந்துவிட்டார். கடை ஓடவில்லை. "ஐ சிங் ஏன் சார் பொய் சொல்லுச்சு?"

எந்தக் கோடு மாறியது என்று கேட்டேன். உச்சிக் கோடு. அதில் என்ன எழுதியிருக்கிறது? படிக்கவில்லையாம். "கோட்டைச் சுவர் அகழியில் சரிகிறது; படையைச் செலுத்தாதே." இதைவிடத் தெளிவாக ஒரு புத்தகம் எப்படிச் சொல்லும்?

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். எல்லோருக்கும் ஒரே நினைப்பு: முதல் ஹெக்ஸாகிராம் இன்று, இரண்டாவது நாளை, நடுவில் மாறுகிற கோடு வெறும் பாலம். அந்தப் பாலத்தில்தான் ஐயா உங்களுக்கான பதிலே இருக்கிறது! 384 கோடுகளுக்கும் தனித்தனியாக வாசகம் எழுதி வைத்தது அலங்காரத்துக்கா? ஒரே ஒரு கோடு மாறினால் அந்தக் கோட்டின் வாசகத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். இரண்டாவது ஹெக்ஸாகிராம் பின்னணிதான், பரிசுச் சீட்டு முடிவு இல்லை.

கோடு நல்லதாக வந்தாலும் துள்ளாதீர்கள். கி.மு. 530இல் பழைய சீனாவின் லூ நாட்டில் நன் குவாய் என்பவர் கலகம் செய்யத் திட்டமிட்டுக் குறி பார்த்தார். 2ஆவது ஹெக்ஸாகிராமில் ஐந்தாம் கோடு மாறி, "மஞ்சள் கீழாடை, பெரும் நன்மை" என்று வந்தது. அவருக்கு ஒரே குஷி. காரியம் இன்னதென்று சொல்லாமல் ஒரு பெரியவரிடம் காட்டினார். நேர்மையான காரியமென்றால் பலிக்கும், இல்லாவிட்டால் தோல்விதான், ஆபத்தான வேலைக்கெல்லாம் இதைப் பார்க்கக் கூடாது என்றார் பெரியவர். நன் குவாய் கேட்கவில்லை. கலகம் தோற்றது. 'ஜுவோ ஜுவான்' நாளாகமத்தில் இருக்கிறது.

பல கோடுகள் மாறினால்? 12ஆம் நூற்றாண்டில் சீனத் தத்துவ அறிஞர் ஜூ ஷி ஒழுங்குபடுத்திய முறைதான் எனக்குக் கைப்பழக்கம். இரண்டு மாறினால் இரண்டையும் படித்து மேல்கோட்டுக்கு முதலிடம். மூன்றென்றால் இரு ஹெக்ஸாகிராம்களின் பொது வாசகங்கள் (கோட்டுக்கு இல்லாமல் முழு ஹெக்ஸாகிராமுக்கும் எழுதியவை). நான்கு, ஐந்து மாறினால் இரண்டாவது ஹெக்ஸாகிராமுக்குப் போய் மாறாமல் நின்ற கோடுகளைப் படிக்க வேண்டும். ஆறும் மாறினால் இரண்டாவதின் பொது வாசகம்; நூலின் 1ஆவது, 2ஆவது ஹெக்ஸாகிராம்களுக்கு மட்டும் இதற்கென்றே தனி வாசகம் உண்டு. வேறு முறைகளும் இருக்கின்றன, சண்டை இல்லை. ஆனால் காசைப் போடும் முன்பே முறையை முடிவு செய்யுங்கள். வந்ததைப் பார்த்துவிட்டு முறையைத் தேடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம், கோடுகளைக் கீழிருந்து மேலே எழுதுங்கள். 11ஆவதான 'தாய்' ஹெக்ஸாகிராமைத் தலைகீழாக எழுதினால் 12ஆவது, தேக்கம், வந்து நிற்கும். ஒரு கோட்டுக்கு மூன்று காசு போட்டு, தலைக்கு 3, பூவுக்கு 2 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 6 அல்லது 9 வந்தால்தான் மாறும் கோடு. 7, 8 மாறாது. நோய்க்கு டாக்டரிடம் போங்கள். தயவுசெய்து நகையை அடகு வைக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர் மெதுவாக, "இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா சார்?" என்றார். நான்காவது ஹெக்ஸாகிராமைத் திறந்து காட்டினேன். முதல் முறை கேட்டால் சொல்வேன், திரும்பத் திரும்பக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்று அதிலேயே இருக்கிறது. படித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.