போர் முடிந்தும் முடியாத தடுப்புக் காவல்

தடுப்புக் காவல் வழக்குக்காக என்னிடம் வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "குற்றத்தை நிரூபிக்காமலேயே எப்படி சார் உள்ளே வைக்க முடியும்?" முடியும். அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவே அதற்கு இடம் கொடுக்கிறது. இந்த அதிகாரம் இங்கே வேரூன்றியதில் போர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் உலகப் போரைக் காரணம் காட்டி 1915-ல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1918 நவம்பரில் போர் முடிந்துவிட்டது. ஆனால் விசாரணையின்றி அடைத்துவைக்கும் அதிகாரத்தை விட்டுத்தர ஆங்கிலேய அரசுக்கு மனமில்லை. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து எழுந்த கொந்தளிப்பில்தான் ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது.

சரி, அது அந்நியர் ஆட்சி. நம் ஆட்சியில்? 1962 அக்டோபர் 26 அன்று சீனப் போருக்காக நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நவம்பர் 21 அன்று சீனா போர் நிறுத்தம் அறிவித்தது. நெருக்கடி நிலை விலக்கப்பட்டதோ 1968 ஜனவரியில். இடையில் 1965 போர் வந்தது உண்மைதான்; அதற்காக ஐந்து வருடத்துக்கு மேலா? அசாம், டார்ஜிலிங் பக்கம் வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பலர் இங்கேயே பிறந்தவர்கள். குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள். வழக்கு, விசாரணை எதுவும் கிடையாது. சிலர் வெளியே வர வருடக்கணக்கில் ஆனது.

1971-ல் பாகிஸ்தான் போர் பதின்மூன்று நாளில் முடிந்தது. அதற்காக அறிவித்த நெருக்கடி நிலை 1977 மார்ச் வரை நீடித்தது. 1975 ஜூனில் அதன்மேல் இன்னொன்றும் அறிவிக்கப்பட்டது. மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள், சட்டவிரோதக் காவலிலிருந்து விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனுவைப் போடலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்பதுதான் அரசுத் தலைமை வழக்கறிஞரின் பதில். 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். அடுத்த வருடம் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி வேறொருவருக்குப் போனது.

அப்புறம் 44-வது திருத்தம் வந்தது. உயிர் வாழும் உரிமையை இனி நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது. அதே திருத்தத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கும் பகுதி அது. 1978-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பகுதியை எந்தக் கட்சி அரசும் இன்றுவரை அமலுக்குக் கொண்டுவரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

வீட்டில் ஒருவர்மேல் தடுப்புக் காவல் உத்தரவு வந்தால், காரணங்கள் அவருக்குப் புரியும் மொழியில் தரப்பட்டனவா என்று முதலில் பாருங்கள். இணைத்த நகல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். படிக்க முடியாத ஒரு நகலுக்காகவோ விடுபட்ட மொழிபெயர்ப்புக்காகவோ ரத்தான உத்தரவுகள் உண்டு. முறையீட்டு மனுவை உடனே அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அரசு அதைக் காரணமில்லாமல் கிடப்பில் போட்டால் அதுவே உயர் நீதிமன்றத்தில் உங்களுக்கு வலுவான வாதம். ஆலோசனைக் குழு முன்பு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. வழக்கறிஞர் அல்லாத நண்பரோ உறவினரோ உடனிருக்க அனுமதி கேட்கலாம். ஆட்கொணர்வு மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.