ஜமாபந்தி: ஊர்க்கணக்கை முடிக்கும் நாள்

அம்மா அதைச் ‘சமாபந்தி’ என்றுதான் சொல்லுவார். மே மாதம் பிறந்து, கீழேயிருந்து சீசன் வண்டிகள் மலையேறத் தொடங்கியதுமே, “இந்த வருசம் சமாபந்தி என்னிக்குன்னு விசாரிச்சியாப்பா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். நீலகிரியில் எங்களுக்கு இருப்பது அறுபது சென்ட் தேயிலை. பட்டா இன்னும் தாத்தா பெயரில், அவருடைய தம்பி பெயரோடு சேர்ந்து கூட்டுப் பட்டாவாகக் கிடக்கிறது. தாத்தா போய்ச் சேர்ந்தார், அப்பாவும் போய்விட்டார். உட்பிரிவு செய்து அம்மா பெயருக்கு மாற்றித் தரும்படி மூன்று ஜமாபந்திகளில் மனு கொடுத்தோம். அந்த மூன்று ஒப்புகைச் சீட்டுகளும் ரேஷன் கார்டு வைக்கும் தகர டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.

மூன்றாம் முறை வரிசையில் நின்றபோது எங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன், பாட்டிக்குத் துணையாக வந்தவன், பந்தலில் கட்டியிருந்த பதாகையை எழுத்துக்கூட்டிப் படித்தான். ‘வருவாய்த் தீர்வாயம், ஜமாபந்தி, பசலி 1433’. “பாட்டி, பந்தின்னு போட்டிருக்கே, சாப்பாடு போடுவாங்களா?” என்று கேட்டான். பாட்டி பதில் சொல்லவில்லை. அந்தப் பதாகையில் இருந்த சொற்களில் ஒன்றைக்கூட அந்த வரிசையில் நின்ற எங்களில் யாராலும் அவனுக்கு விளக்கியிருக்க முடியாது. எனக்கு அது உறுத்தியது. நம் நிலத்தையும் வீட்டையும் முடிவு செய்கிற சொற்களுக்குப் பொருள் தெரியாமலே மூன்று ஆண்டுகள் அவற்றின் வாசலில் நின்றிருக்கிறோம். அன்றிரவு அகராதிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

‘ஜமா’ அரபுச் சொல். திரட்டுதல், ஒன்றுசேர்த்தல், கூட்டுத்தொகை என்று பொருள்படும். மக்கள் கூடும் அமைப்பைக் குறிக்கும் ‘ஜமாஅத்’ இதே வேரில் பிறந்ததுதான். வரிக்கணக்கு எழுதியவர்களின் வழக்கில், ஓர் ஊரிலிருந்து அரசுக்கு வரவேண்டிய மொத்தத் தொகைக்கு ‘ஜமா’ என்று பெயர். ‘பந்தி’ பாரசீகத்திலிருந்து வந்தது. கட்டுதல், கட்டி முடித்தல், ஒழுங்கு செய்தல் என்பது பொருள். காவல்துறை ஏற்பாட்டை இன்றும் நாம் ‘பந்தோபஸ்து’ என்கிறோமே, அதில் இருப்பதும் இந்தக் கட்டுதான். வடமொழியின் ‘பந்தம்’ இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அந்தப் பையன் கேட்ட சாப்பாட்டுப் பந்தி வேறு. அது ‘பங்க்தி’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது, வரிசை என்று பொருள்படுவது. ஒலி ஒன்றாக இருக்கிறதே தவிர, இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஆக, ஜமாபந்தி என்றால் வரவேண்டிய மொத்தத்தைக் கட்டி முடிப்பது. ஓர் ஊரின் ஓராண்டு நிலக்கணக்கைத் தணிக்கை செய்து, இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவது. சொல்லுக்குள் எங்கே தேடினாலும் மனு இல்லை, குறைதீர்ப்பும் இல்லை.

வடநாட்டில் இந்தச் சொல்லின் பொருள் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பஞ்சாபிலும் அரியானாவிலும் ஜமாபந்தி என்றால் யாருக்கு எந்த நிலம் என்று எழுதிவைத்த உரிமைப் பதிவேடு. அங்கே அது ஓர் ஆவணம், இங்கே அது ஒரு நிகழ்ச்சி.

இங்கே நிகழ்ச்சியாக ஆனதற்குக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறையில், அரசு இடையில் ஜமீன்தாரை வைக்காமல் உழவரோடு நேராகக் கணக்கு வைத்துக்கொண்டது. ‘ரயத்’ என்பதற்குக் குடியானவர் என்று பொருள். நேர்க்கணக்கு என்று வந்துவிட்டால் ஆண்டுக்காண்டு கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். ஒருவர் நிலத்தை விட்டிருப்பார், இன்னொருவர் புதிதாகக் கொத்தியிருப்பார், மழை பொய்த்து விளைச்சல் போயிருக்கும், வரியில் தள்ளுபடி கொடுக்கவேண்டியிருக்கும். இத்தனையும் சரிபார்க்க மேலதிகாரி ஒருவர் முகாமிட்டு, ஊர் ஊராகக் கணக்கை அழைத்துப் பார்த்தார். அந்த முகாம்தான் இன்று வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில் சாமியானாப் பந்தலாக நிற்கிறது.

பதாகையில் இருந்த ‘பசலி’ அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அக்பர் காலத்தில், வரியை அறுவடையோடு இசைத்து வாங்குவதற்காக ஏற்பட்ட ஆண்டுக்கணக்கு அது. தமிழ்நாட்டில் பசலி ஆண்டு ஜூலை 1 அன்று பிறந்து மறு ஜூன் 30 அன்று முடிகிறது. பிறக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் வந்துவிடும். 2023 ஜூலையில் பிறந்தது பசலி 1433. கணக்காண்டு ஜூனில் முடிவதால்தான் கணக்கு முடிப்பும் மே, ஜூன் மாதங்களில் வருகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் இதற்காகச் சீசன் நெரிசலில் மாட்டிய பேருந்தில் நின்றபடி வட்டத் தலைநகருக்குப் போவதற்கும் அக்பரின் கணக்குதான் மூலம் என்று தெரிந்தபோது வியப்பாக இருந்தது.

அந்தப் பந்தலுக்குப் பின்னால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை வரிசையில் நிற்கும் நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. சில கிராமங்கள் சேர்ந்த ஒவ்வொரு குறுவட்டத்துக்கும் ஒரு நாள். அந்தக் குறுவட்டத்துக் கிராம நிர்வாக அலுவலர்கள் தத்தம் கிராமக் கணக்குகளோடு வந்து மேசைமுன் நிற்கிறார்கள். எந்தப் புல எண்ணில் (சர்வே எண்ணில்) யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று சொல்லும் அடங்கல், பட்டாதாரர் வாரியாக நிலத்தைக் காட்டும் சிட்டா, புலத்தின் மூல விவரம் அடங்கிய அ-பதிவேடு எல்லாம் புரட்டப்படுகின்றன. நில அளவைச் சங்கிலியை விரித்துச் சரியான நீளம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தச் சங்கிலி 66 அடி, 100 கண்ணிகள். அப்படிப் பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஓர் ஏக்கர். சங்கிலி இழுபட்டு நீண்டுபோயிருந்தால் அளக்கும் நிலமெல்லாம் சுருங்கிப்போகும். அதனால் அளவுகோலையே அளந்து பார்க்கும் இந்த வழக்கம் ஏற்பட்டது. எனக்கு ஜமாபந்தியில் மிகப் பிடித்த பகுதி இதுதான். அரசு தன் கையிலிருக்கும் கோலைத் தானே சந்தேகித்துப் பார்க்கிற ஒரு நாள், ஆண்டில் வேறு எப்போது வருகிறது?

மனு வாங்கும் மேசை இத்தனைக்கும் வெளியே இருக்கிறது. கணக்குப் பார்க்க வந்த அதிகாரியிடம் தன் கணக்கில் இருக்கும் பிழையைச் சொல்லலாம் என்று குடிகள் வரத்தொடங்கி, காலப்போக்கில் அதுவே நிகழ்ச்சியின் முகமாகிவிட்டது. நில வரி பெயரளவுக்கு இருக்கும் இன்றைய நாளில் இது இயல்பான மாற்றம்தான். இன்று முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை, சாதிச் சான்று, சாலை, தெருவிளக்கு எல்லாம் ஜமாபந்தி மனுக்களில் வருகின்றன. திங்கட்கிழமைதோறும் மாவட்டத் தலைநகரில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் இதே மனுக்கள்தான். எங்கே போனாலும் நாம் கேட்பவர்களாக, கைகூப்பியவர்களாகவே போகிறோம். ஓட்டுப் போடுகிற நாளில் மட்டும் நம்மைத் தேடி வீட்டுக்கு வருகிறவர்கள், மற்ற நாளில் நாம் தேடிப்போகும் இடத்தில் இருக்கிறார்கள். அதை நாமும் வழக்கம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். இது எனக்குப் பெரிய வருத்தம்.

எங்கள் மலையில் நிலக்கணக்கு என்பது வெறும் தாள் விஷயமில்லை. கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்த நீலகிரி 1868-இல் தனியாகப் பிரிந்து ஓர் ஆணையரின் கீழ் வந்தது. 1882-இல்தான் கலெக்டர் கொண்ட மாவட்டமானது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே மேட்டுக்கு மேய்ச்சல் உரிமை, காட்டு உரிமை, தோட்டக்காரர் உரிமை என்று பல கணக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டன. கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் இன்னொரு சொல் காத்திருக்கும், ‘ஜென்மம்’. மலையாள நாட்டு வழக்கில் பிறப்புரிமையாக வந்த நிலவுடைமை அது. 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் அதை ரயத்துவாரியாக மாற்ற வந்தது. ஆனால் குத்தகையில் இருந்த நிலங்கள் அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டன. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்றால் அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். பல்லாண்டாக வீடு கட்டி, மிளகுக்கொடி ஏற்றி, தேயிலை நட்டு வாழும் குடும்பங்களுக்குப் பட்டா இல்லை, மின் இணைப்புக்கே போராட்டம். 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியேறியவர்களிலும் நிலமில்லாதவர்கள் ஏராளம். இவர்களுடைய வாழ்க்கை எந்தக் கணக்கிலும் ‘கட்டி முடிக்கப்படாமல்’ இருக்கிறது. ஜமாபந்தி என்ற சொல்லை அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு நா கூசுகிறது.

இனி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு தாசில்தார் வட்டாட்சியரானார், தாலுகா வட்டமானது. ஜமாபந்திக்கு அரசு வழங்கும் சொல் ‘வருவாய்த் தீர்வாயம்’. முதலில் இது கரடுமுரடாகத் தோன்றியது. பிரித்துப் பார்த்தபோது மனம் மாறியது. வருவாய் என்பது வரும் வாய், அதாவது பொருள் வரும் வழி. ‘தீர்’ என்ற வினையிலிருந்து தீர்வு, தீர்ப்பு, தீர்வை எல்லாம் பிறந்தன. நிலத்துக்கு இவ்வளவு என்று தீர்த்து வைத்த வரிதான் நிலத்தீர்வை. பாரசீகத்தின் ‘கட்டி முடித்தல்’ தமிழில் ‘தீர்த்தல்’ ஆகியிருக்கிறது, பொருத்தமாகவே. ‘ஆயம்’ இரண்டு பொருள் தரும். வடமொழித் தொடர்புடைய ஆயம் வருமானத்தைக் குறிக்கும், ‘ஆதாயம்’ போல. சங்கப் பாடல்களில் தலைவியைச் சூழ்ந்து நிற்கும் தோழியர் கூட்டமும் ஆயம்தான். தீர்ப்பாயம் என்று இன்று நாம் சொல்லும்போது எடுத்துக்கொள்வது இந்தக் கூட்டம் என்ற பொருளை. தீர்வாயத்தையும் அப்படியே படிக்கலாம், கணக்கைத் தீர்க்கக் கூடும் அவை என்று. கூட்டமும் குடிகளும் வேண்டும் என்று அந்தத் தமிழ்ச்சொல்லே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜமாபந்தியில் இல்லாத நன்மை இது.

வேறு சொற்களும் நம்மிடம் இருந்திருக்கின்றன. சோழர் கல்வெட்டுகளில் வரிக்கணக்குத் துறை ‘புரவுவரித் திணைக்களம்’, பதிவேடு ‘வரிப்பொத்தகம்’. பக்கத்துக் கன்னடத்தில் இன்றும் நிலவரி ‘கந்தாய’. நம் பஞ்சாங்கத்தில் ‘கந்தாயப் பலன்’ என்று நாலு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோமே, அந்தக் கந்தாயமும் இந்த வரித் தவணைதான். பழையவை அழகானவை, ஆனால் அவற்றை மீட்டுக் கொண்டுவருவதால் அந்தப் பையனுக்கு விளங்கிவிடாது. எழுத்தில் வருவாய்த் தீர்வாயம் இருக்கட்டும். பேச்சில், அம்மாவுக்கு, அந்தப் பையனுக்கு, ‘ஊர்க்கணக்கு முடிப்பு’ என்று சொன்னால் போதும் என்பது என் எண்ணம். ஊர்க்கணக்கு நம் வாயில் புழங்கிய சொல். 1980-இல் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்படும்வரை கணக்குப்பிள்ளை எழுதிவந்தது அதைத்தான். ‘ஊர்க்கணக்கு முடிக்கிறாங்க’ என்று கேட்டால் யாருக்கும் அடுத்த கேள்வி தானாக வரும்: என் பேரில் என்ன எழுதியிருக்கு?

இந்த நிகழ்ச்சியின் கடைசி நாளில் நடக்கும் கூட்டத்துக்குப் பல வட்டங்களில் ‘குடிகள் மாநாடு’ என்று பெயர். இந்த ஒரு சொல்லுக்காகவே அந்த நாளை நான் விரும்புகிறேன். குடி என்பது நிலத்தோடு பொருந்தி வாழும் குடும்பம். குடியிருப்பு, குடியானவர், குடிவாரம், குடியுரிமை, குடியரசு எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ரயத்துக்குத் தமிழ் குடி என்றால், அந்த மாநாட்டில் உட்கார்ந்திருப்பவர்தான் குடியரசின் குடியும். மேடையில் நலத்திட்ட உதவி வாங்கிப் புகைப்படத்துக்கு நிற்பதோடு அவர் வேலை முடிந்துவிடாது.

அடுத்த ஆண்டு, பசலி 1434 ஜமாபந்திக்கு எங்கள் குறுவட்டத்தின் நாளில் நானும் அம்மாவும் போனோம். நான்காவது மனு பையில் இருந்தது. அதைக் கொடுக்குமுன் எங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், “சார், எங்க புல எண்ணுக்கு அடங்கல்ல என்ன இருக்குன்னு பார்க்கணும்” என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். எதற்கு என்றார். கணக்கு முடிக்கும் நாள், அதனால் பார்க்க வந்தோம் என்றேன். இளைஞர், நல்லவர்தான். பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்துப் பக்கத்தைத் தேடினார். தாத்தா பெயர், அவர் தம்பி பெயர், புல எண், பரப்பு எல்லாம் சரியாக இருந்தன. பயிர் என்ற கட்டத்தில் ‘தரிசு’ என்று எழுதியிருந்தது.

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். முப்பது வருடமாக இலை பறித்துக் கறுத்துப்போன விரல் அது.

“தரிசா?” என்றார் அம்மா. “சார், நேத்து சாயங்காலம்கூட அதுல பதினாலு கிலோ இலை எடுத்தேன்.”

அலுவலர் பேசாமல் ஒரு நிமிடம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாளைக் காலை புலத்துக்கு வருகிறேன், நேரில் பார்த்துவிட்டுத் திருத்துகிறேன் என்றார். மனுவை அம்மா பையிலேயே வைத்துக்கொண்டார். மறுநாள் மழைத்தூறலில், குடை இல்லாமல், அவர் வந்தார்.